மேரியக்கா சூடம் அணைக்கல

தட்டுல சூடம் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. காத்தே இல்லாத மத்தியானம். கறுப்புப் புகை நேரா மேல போகுது. தட்டுக்கு அந்தப் பக்கம் சிவநாயகம் ஐயா, தோட்டத்துச் சொந்தக்காரர். இந்தப் பக்கம் மேரியக்கா, கால்ல ரப்பர் பூட்ஸ், தலையில துண்டு, கையில பச்சை கிளவுஸ். நடுவுல நான். எனக்கு வேர்த்து ஊத்துச்சு. சூடத்தோட சூடு மட்டும் அதுக்குக் காரணம் இல்ல.

"ஒண்டும் இல்லை மேரி," ஐயா சொன்னாரு. "கைய வச்சு அணைச்சிட்டு, புல்லு மருந்தில கூடுதலாத் தண்ணி கலக்கேல்லை எண்டு சொல்லு. விஷயம் முடிஞ்சுது."

மேரியக்கா கிளவுஸக் கூட கழட்டல.

"நான் மாதா கோயிலுக்குப் போறவ ஐயா."

"அப்ப மெழுகுவத்தி ஏத்திச் சொல்லு. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"செஞ்சவதான் சத்தியம் பண்ணித் தப்பிக்கணும். செய்யாதவ எதுக்குங்கய்யா பண்ணணும்?"

ஐயா என்னப் பாத்தாரு. அக்காவும் என்னப் பாத்தாங்க. நான் சூடத்தப் பாத்தேன். அது தானா எரிஞ்சு, தானா அணைஞ்சு, தட்டு நடுவுல ஒரு கறுப்பு வட்டத்த விட்டுட்டுப் போயிடுச்சு.

நம்ம ஊருல சூடம் அணைக்கலன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். அன்னைக்குச் சாயங்காலமே அந்த அர்த்தம் பாடாங் செராய் டவுன் வரைக்கும் போய்ச் சேந்துடுச்சு.

காண்டிராக்டர் ஆன கதை

நான் எப்படி அந்தத் தட்டுக்கு நடுவுல வந்து நின்னேன்னு சொல்லணும்ல.

கூலிம்ல ஒரு சிப்பு ஃபேக்டரியில ரொம்ப வருஷம் கியூசியில இருந்தேன். நல்லது எது, கெட்டது எதுன்னு மைக்ராஸ்கோப்புல பாத்துப் பிரிக்கிற வேலை. ஒரு நாள் ஃபேக்டரி எங்களையே அப்படிப் பிரிச்சுது. நான் எந்தப் பக்கம் விழுந்தேன்னு நான் இப்ப இந்தக் கதைய எழுதிக்கிட்டு இருக்கிறதுலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

வந்த காசுல ஒரு பழைய லோரி, முதுகுல மாட்டுற பம்பு கொஞ்சம் வாங்கி, சின்னச் சின்னத் தோட்டங்களுக்குப் புல்லு மருந்து அடிச்சுக் குடுக்கிற காண்டிராக்ட் எடுத்தேன். காண்டிராக்டர்னு பேரு போட்டு கார்டு கூட அடிச்சேன். அந்த டப்பா இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கு. யாருக்கும் குடுக்கல. எல்லாருக்கும் என்னத் தெரியும்.

மருந்து அடிக்கிறது பொம்பளைங்க. அதுல மேரியக்காதான் பெரியவங்க. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே பம்பு தூக்கினவங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. அது பொய், ஆனா ரொம்பப் பெரிய பொய் இல்ல. எங்க கூட்டத்துல மருந்து கலக்குறது அவங்க ஒருத்தங்கதான். காலையில லோரிய நிறுத்தின உடனே, டிரம்முல தண்ணிய நிரப்பி, மருந்த அளந்து ஊத்தி, ஒரு குச்சியால கிண்டுவாங்க. கிண்டும்போது யாரும் பேசக்கூடாது. நான் பேசினா குச்சிய என் பக்கம் காட்டுவாங்க.

அதனாலதான் பழி அவங்க மேல விழுந்துச்சு. கலக்குறவங்க ஒருத்தங்கதான்னா, சந்தேகப்படவும் ஒருத்தங்கதானே இருப்பாங்க.

சாகாத புல்லு

புக்கிட் செலம்பாவ் போற வழியில இருக்கு ஐயாவோட தோட்டம். ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம், நில அளவை ஆபிஸ்ல இருந்து ஓய்வு பெத்தவரு. பழைய ரப்பர் பால்மரத்த வெட்டிட்டுச் செம்பனைக் கன்னு போட்டிருந்தாரு. கன்னு சின்னதா இருக்கிற வரைக்கும் வெயில் தரை வரைக்கும் இறங்கும். வெயில் இறங்கினா புல்லும் இறங்கும்.

அதுல ஒரு புல்லு இருக்கு. மலாய்க்காரங்க ரும்புட் சம்பாவ்னு சொல்லுவாங்க. கேவுருக்குச் சொந்தக்காரன். கதிரு கோழிக்கால் மாதிரி விரிஞ்சிருக்கும், புடுங்கினா பாதி கையோட வரும், பாதி மண்ணுலயே இருந்துக்கிட்டுச் சிரிக்கும். ஆரம்பத்துல எங்க மருந்துக்கு இந்தப் புல்லு அழகா மஞ்சளாகிச் சாகும். ஐயாவுக்கு அந்த மருந்து மேல அவ்வளவு நம்பிக்கை. ஒவ்வொரு தடவையும் அதே மருந்து, அதே அளவு. "நல்லா வேலை செய்யிறத ஏன் மாத்துவான்?" அப்படின்னுவாரு. நானும் ஆமா போடுவேன். ஆமா போடுறது எனக்கு நல்லா வரும்.

அப்புறம் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு நிக்க ஆரம்பிச்சுது. அடுத்த சுத்துல ஒரு பாத்தி. அதுக்கும் அடுத்த சுத்துல பக்கத்துல எல்லாப் புல்லும் செத்துக் கிடக்க, இது மட்டும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி பளபளன்னு நிக்குது.

ஐயா குடையப் புடிச்சுக்கிட்டு வந்து பாத்தாரு. கேட்டுக்கு வெளியே மேஞ்சுக்கிட்டு இருந்த ஒரு மாட்டப் பாத்தாரு.

அந்த மாடு பேரு ரோசி. மேரியக்காவோடது.

ரோசி

மேரியக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு அவங்களுக்கு ரெண்டு வருமானம். ஒண்ணு எங்க பம்பு. இன்னொண்ணு ரோசி குடுக்கிற பால். சாயங்காலம் போத்தல்ல ஊத்தி மோட்டர் சைக்கிள்ல மாட்டிக்கிட்டு வீடு வீடாப் போவாங்க. ஐயா வீட்டுக்கும் அந்தப் பால்தான் போகும்.

ரோசிக்கு சம்பாவ் புல்லுன்னா உயிரு. வேலைக்கு வரும்போது கூடவே கூட்டிக்கிட்டு வந்து, மருந்து அடிக்காத பாத்தியில மேய விட்டுடுவாங்க.

ஐயா அளவை ஆபிஸ்ல இருந்தவரு. ஒரு புள்ளிய இன்னொரு புள்ளியோட சேத்துக் கோடு போடுறதுதான் அவரு வேலை. புல்லு சாகல, மாட்டுக்குப் புல்லு வேணும், மருந்து கலக்குறது மாட்டுக்காரி. கோடு போட்டுட்டாரு.

நியாயமாச் சொன்னா கோடு நேராத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்குப் பயம். மேரியக்கா அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா தெரியும்னு சொல்றத எந்த மைக்ராஸ்கோப்புலயும் வச்சுக் காட்ட முடியாதுல.

சூடம் அணைக்காத மறுநாளே ஐயா போன் பண்ணாரு. "உம்மட ஆக்கள் வரலாம். மேரி வேண்டாம்."

அது கூடப் பரவாயில்ல. பம்பு தூக்க வேற தோட்டம் கிடைக்கும். ஆனா அந்த வாரமே பால் வாங்குற வீடெல்லாம் ஒவ்வொண்ணா, "இப்ப வேணாம்கா, நாங்க டப்பாப் பாலுக்கு மாறிட்டோம்" அப்படின்னுச்சு. காரணத்த முகத்துக்கு நேரா யாரும் சொல்லல. கடையில மட்டும் சொன்னாங்க: மருந்துலயே தண்ணி ஊத்துறவ, பால்ல ஊத்த மாட்டாளா?

ஐயா வீடும் நிறுத்திடுச்சு.

மிச்சப் பால எல்லாம் நான் வாங்கினேன். என் வீட்டுல கோப்பி, பாயாசம், கோவா, கடைசியில மீன் குழம்புல கூட பால். ரசம் மட்டும்தான் தப்பிச்சுது. மேரியக்கா போத்தல வச்சிட்டு, "உனக்கு எதுக்கு தம்பி இவ்வளவு?"ன்னு கேட்டாங்க.

"வளர்ற வயசுக்கா."

தொப்பையப் பாத்துட்டு, "அதான் வளருதே"ன்னு போயிட்டாங்க. சிரிக்கல. அவங்க சிரிக்காதப்பதான் எனக்கு உண்மையிலயே கஷ்டமா இருந்துச்சு.

கச்சாங் பூத்தே

மக தர்ஷினி அப்ப லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தா. மெட்ரிகுலேசன்ல பயாலஜி படிக்கிறா. அவகிட்ட என் ஆராய்ச்சிய எடுத்து விட்டேன்.

"மருந்து புல்லுக்குப் பழகிப் போச்சும்மா. உங்கம்மா திட்டுறது எனக்குப் பழகின மாதிரி."

"பா, நீங்க ஒரு ஆளு. நீங்க பழகலாம். ஒரு புல்லு மேல மருந்து பட்டா அது ஒண்ணு சாகும், இல்ல சாகாது. பழகுறதுக்கு அதுக்கு நேரம் ஏது?"

"அப்புறம் எப்படி?"

மேசை மேல கச்சாங் பூத்தே டப்பா இருந்துச்சு. பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, வாங்கினது. கடலையும் வறுத்த பட்டாணியும் கலந்தது, கடலை நிறைய, பட்டாணி கொஞ்சம். அத என் முன்னாடி தள்ளி வச்சு, "சாப்பிடுங்க, பேசலாம்"னா.

எனக்குப் பின்பல்லு சரியில்ல. பட்டாணி ஒத்துக்காது. கடலையாப் பொறுக்கித் தின்னுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு டப்பாவ அவ பக்கம் திருப்பினா.

"என்ன இருக்கு?"

"பட்டாணி."

"முன்னாடி?"

"கடலைதான் நிறைய."

"ஏதாவது ஒரு கடலை பட்டாணியா மாறுச்சா?"

"இல்ல."

"பட்டாணி ஏதாவது புதுசாப் பலம் வாங்கிக்கிச்சா?"

"இல்லலா. எனக்குப் பல்லு இல்ல, அதான்."

"இப்ப மிச்சம் இருக்கிற இந்தப் பட்டாணி மட்டும் முளைச்சு, காய்ச்சு, அடுத்த டப்பா நிறையுதுன்னு வைங்க. அதுலயும் நீங்க கடலைய மட்டுந்தான் தின்னுவீங்க. அதுக்கு அடுத்த டப்பாவுல?"

நான் டப்பாவயே பாத்துக்கிட்டு இருந்தேன். தனியா ஒரு புல்லும் மாறல. மாறினது கூட்டத்துக்குள்ள இருக்கிற கணக்கு. எத்தன பேரு இப்படி, எத்தன பேரு அப்படிங்கிற கணக்கு. மருந்து யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்கல. சாகறதக் கொன்னுச்சு. கொஞ்சம் வித்தியாசமாப் பொறந்தது ஏதோ ஒண்ணு ரெண்டு, காலியான இடத்துல, போட்டியே இல்லாம, கோழிக்கால் கோழிக்காலா விதை போட்டுச்சு. நாங்க ஒவ்வொரு சுத்தும் பம்பத் தூக்கிட்டுப் போய், அதுக்கு எதிரியா இருந்த புல்லையெல்லாம் ஒழிச்சுக் குடுத்துட்டு, அதுக்குச் சம்பளமும் வாங்கியிருக்கோம்.

"அப்ப அதே மருந்த அடிச்சு அடிச்சு, இந்தப் புல்ல வளத்ததே நாங்கதானா?"

"பொறுக்கி எடுத்தது நீங்க. வளந்தது அதுவா."

நடுவுல ஒரு மீனு கதை

இந்த இடத்துல ஒண்ணு ஞாபகம் வருது. கதைய விட்டுப் போறேன், வந்துடுவேன்.

நாங்க ஸ்கூல் படிக்கிற காலத்துல பாசார் மாலாம்ல வாலு ஆரஞ்சு கலர்ல விசிறி மாதிரி இருக்கிற மீனு விப்பாங்க. ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வாங்கிட்டு வந்து, எங்க வீட்டு லைனுக்கு முன்னாடி இருந்த லோங்காங் சாக்கடையில விட்டேன். ஊரே பாக்கட்டும்னு. ஆறேழு மாசத்துல பாத்தா லோங்காங் பூரா மீனு, ஆனா எல்லாமே சாம்பல் கலர்ல, கொசு மாதிரி. கலரு போச்சு.

நான் என்ன நினைச்சேன்னா, நம்ம லைனுக்கு வந்தா மீனு கூட வெளுத்துப் போயிடுதுன்னு. ரொம்ப நாள் அத ஒரு அவமானமா மனசுல வச்சிருந்தேன்.

பாலத்துக்கு அடியில ஒரு பெரிய ஹாருவான், அதான் விரால் மீனு, குடியிருந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குத் தூரத்துலயே தெரிஞ்சது எதுன்னு யாரும் யோசிக்கல. எந்த மீனும் வெளுத்துப் போகல. பகட்டா இருந்ததெல்லாம் வயித்துக்குள்ள போச்சு. கண்ணுல படாதது குடும்பம் நடத்துச்சு.

எங்க வம்சத்துச் சொட்டைக்கும் இதே நியாயம்தான். தாத்தாவுக்குச் சொட்டை, அப்பாவுக்குச் சொட்டை, எனக்கும். இவ்வளவு அசிங்கமான விஷயம் எப்படித் தலைமுறை தலைமுறையாத் தாக்குப் பிடிச்சுது? முடி கொட்ட ஆரம்பிக்கிறதே பிள்ளை குட்டி பொறந்த பிறகுதான். யாராச்சும் வேணாம்னு சொல்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். என் மனைவிகிட்ட இதச் சொன்னேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஹாருவான் வேலைய அவளே செஞ்சிருப்பாளாம்.

சரி, வந்துட்டேன்.

கல்லறையில விதை

தெரிஞ்சுக்கிட்டது வேற, ஐயாவ நம்ப வைக்கிறது வேற. அவரு முன்னாடி கச்சாங் பூத்தே டப்பாவ நீட்ட முடியாது. ஃபேக்டரி புத்தி வேலை செஞ்சுது. ஒரு பொருள் மேல சந்தேகம் வந்தா, சந்தேகமே இல்லாத இன்னொண்ணப் பக்கத்துல வச்சு ரெண்டையும் ஒரே சோதனை பண்ணுவோம்.

தோட்டத்துப் புல்லோட விதை ஒரு பக்கம். மருந்தையே பாக்காத புல்லோட விதை இன்னொரு பக்கம். அதே மருந்து, அதே அளவு. கலக்குறது ஐயாவே. தோட்டத்துப் புல்லு அதுலயும் சாகலன்னா, தப்பு மேரியக்கா குச்சியில இல்ல.

ஐயாகிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் மோவாயத் தடவினாரு. "மேரிக்குச் சம்மதமோ?"

மேரியக்காகிட்டக் கேட்டேன். "நான் பண்ணாத சத்தியத்த அந்தப் புல்லு பண்ணட்டும்"னாங்க.

ஆனா மருந்தையே பாக்காத புல்லுக்கு எங்க போறது? ஸ்கூல் திடல்ல அடிச்சிருக்காங்க. கோயில் வாசல்ல நானே அடிச்சிருக்கேன். ரோட்டோரம் முனிசிபல் அடிக்குது. மோட்டர எடுத்துக்கிட்டு நாள் பூரா சுத்தினேன், நல்ல புல்லு தேடுற மாடு மாதிரி.

மேரியக்காதான் சொன்னாங்க. "எங்க கல்லறையில பாரு."

அவங்க கல்லறைத் தோட்டத்துல மருந்து அடிக்கிறதே இல்ல. கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி, ஒவ்வொரு குடும்பமும் வந்து தங்களோட சமாதியத் தாங்களே செதுக்கிச் சுத்தம் பண்ணுவாங்க. சமாதி மேல நட்டிருக்கிற பூச்செடி செத்துடும்னு, மருந்துக்கு அங்க அனுமதி இல்ல. ஆளு வராத சமாதியில புல்லு இடுப்பளவு நிக்கும்.

ரெண்டு பேரும் போனோம். அக்கா அவங்க வீட்டுக்காரர் சமாதி பக்கம் போய் முட்டி போட்டாங்க. நான் கொஞ்சம் தள்ளி, கதிர உருவிப் பையில போட்டுக்கிட்டே பின்னால நடந்து, காஞ்ச சாணியில காலை வச்சேன். சமாதிக்கு நடுவுல சாணி எங்கிருந்து வந்துச்சுன்னு அப்ப யோசிச்சிருக்கணும். செருப்பத் தேய்க்கிறதுலயே இருந்துட்டேன்.

ஐயா மருந்து கலக்கிறார்

ரெண்டு விதையையும் தனித்தனியா பொலிபேக் பையில போட்டு, என் வீட்டு முன்னாடி வளத்தோம். நாலு விரல் உயரம் வந்ததும், தோட்டத்துப் பையோட அடியில சிவப்பு நூலு, கல்லறைப் பையோட அடியில வெள்ளை நூலு கட்டி, எல்லாத்தையும் கலைச்சு வச்சேன். மேல இருந்து பாத்தா எது எதுன்னு கடவுளுக்குக் கூடத் தெரியாது.

ஐயா வந்தாரு. பாடாங் செராய் கடையில தானே வாங்கின புது டின், சீல் உடைக்கல. மழைக்கோட்டு, மூக்குக் கவசம், ஊசி போடுற சிரிஞ்சு. சிரிஞ்சால உறிஞ்சி, கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு அளந்தாரு. மேரியக்கா கேட்டுப் பக்கம் கைய கட்டிக்கிட்டு நின்னாங்க. பொறுக்க முடியல அவங்களுக்கு.

"ஐயா, கிண்டணும்."

"கிண்டத்தான் போறன்."

"பேசாம கிண்டணும்."

ஐயா பேசாம கிண்டினாரு.

அதுக்கப்புறம் காத்திருக்கிறதுதான். மேரியக்கா தினமும் பால் கொண்டு வந்து வைப்பாங்க. பைகளத் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க. ஒரு நாள் மட்டும் என் மனைவிகிட்ட, ரோசிய வித்துடலாமான்னு யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. வாங்க ஆளு இல்லாத பாலுக்கு மாடு எதுக்குன்னு.

ஒத்தப் பை

பாதிப் பை மஞ்சளாகி, காஞ்சு, படுத்துடுச்சு. பாதி பச்சையா நிக்குது. ஐயாவ வரச் சொன்னேன். மேரியக்காவும் வந்து நின்னாங்க. ஐயாவுக்கு நாற்காலி போட்டேன். உக்காந்து, ஒவ்வொரு பையா எடுத்து, அடியத் திருப்பிப் பாத்தாரு.

பச்சை. சிவப்பு நூலு.

பச்சை. சிவப்பு நூலு.

செத்தது. வெள்ளை நூலு.

அவரு முகத்துல ஒண்ணும் தெரியல, ஆனா கை வேகம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தானே வாங்கி, தானே அளந்து, தானே அடிச்ச மருந்து. அது அவரு தோட்டத்துப் புல்ல ஒண்ணும் பண்ணல.

கடைசியில ஒரு பச்சைப் பை. திருப்பினாரு. வெள்ளை நூலு.

"இது என்ன ஐசே?"

"ஆயிரத்துல ஒண்ணு அப்படிப் பொறக்கும் ஐயா. இயற்கை." சொல்லிக்கிட்டே அந்தப் பைய மட்டும் பின்னால தள்ளினேன்.

ஐயா தலைய ஆட்டினாரு. மேரியக்காவப் பாக்காம, என்னப் பாத்து, "சரி. நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லும். மேரியையும்" அப்படின்னாரு.

அதோட முடிஞ்சுது. முடிஞ்சிருக்கும். வாசப்படியில நின்ன தர்ஷினிதான், "பா, அது ஆயிரத்துல ஒண்ணு இல்ல"ன்னா.

நான் கண்ண உருட்டினேன். பிள்ளைங்க அதுக்கெல்லாம் பயந்த காலம் போச்சு.

"அப்படித் தானாப் பொறக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். நம்மகிட்ட இருந்தது ஒரு வரிசைப் பை. அதுக்குள்ள ஒண்ணு வந்து விழறது, நீங்க வாங்குற லாட்டரி நம்பர் எல்லாம் ஒரே வாரத்துல அடிக்கிற மாதிரி. தோட்டத்து விதை எப்படியோ அங்க போயிருக்கணும். காத்துல போற விதை இல்ல இது. யாராச்சும் கொண்டு போகணும்."

எனக்கு அந்தச் சாணி ஞாபகம் வந்துச்சு. செருப்பப் பாத்தேன். தலை நிமிந்தா, மேரியக்காவும் என் செருப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.

அவங்க ஜெயிச்சாச்சு. வேலை திரும்பிக் கிடைச்சாச்சு. வாய மூடிக்கிட்டு நின்னா, அந்த ஒத்தப் பை பத்தி யாரும் இனிமே கேக்கப் போறதில்ல. நானும் மனசுக்குள்ள, 'பேசாதீங்கக்கா, கிண்டும்போது பேசக்கூடாது'ன்னு வேண்டிக்கிட்டேன்.

"ஐயா," மேரியக்கா சொன்னாங்க. "மாடு என்னோடது."

ஐயா திரும்பினாரு.

"ரோசி. உங்க தோட்டத்துல கதிரோட மேயும். மத்தியானம் பக்கத்துல இருக்கிற கல்லறை வேலி ஓட்டை வழியா உள்ள போய்ப் படுத்துக்கும். மாதா கோயில் உபதேசியார் ரெண்டு மூணு தடவ ஏசியிருக்காரு. வயித்துல போன விதை சாணியில முளைக்கும், நான் பாத்திருக்கேன். உங்க கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், வட்டம் வட்டமா இந்தப் புல்லு வந்திருக்கிறது அவ போட்ட இடம்தான். தண்ணி நான் கலக்கல. ஆனா ஊர் பூரா விதைச்சது என் மாடு. அவளக் கட்டிப் போட்டு, வெட்டின புல்லாப் போடுறேன். முளைச்சிருக்கிறத மண்வெட்டியால நானே கொத்தி எடுக்கிறேன்."

சூடத்துக்கு முன்னாடி சத்தியம்னு ஒரு வார்த்த சொல்லாத மனுஷி. இப்ப யாரும் கேக்கல, தட்டு இல்ல, சூடம் இல்ல.

ஐயா கையில அந்த ஒத்தப் பை இருந்துச்சு. ரொம்ப நேரம் அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"கடைக்காரன் சொன்னவன்," அவரு மெதுவாச் சொன்னாரு. "எப்பவும் ஒரே மருந்த அடிக்காதேங்கோ, மாத்தி மாத்தி அடியுங்கோ எண்டு. நான்தான் கேக்கேல்லை."

நானும் ஏதாவது ஒத்துக்கலாமான்னு பாத்தேன். எல்லாத்துக்கும் ஆமா போட்டது நான்தானே. அதையும் சொல்ல வாயெடுத்தேன், ஆனா அதுவும் ஒரு ஆமாவா வந்து விழுந்துச்சு.

புல்லு மேல எனக்குக் கோவம் வரல. அது கெட்டிக்காரப் புல்லு இல்ல, வீரப் புல்லு இல்ல. எல்லாம் போன பிறகு மிச்சம் நின்னது. ஃபேக்டரி என்னப் பிரிச்சுப் போட்டப்ப, உள்ளே நின்னவங்கள்லாம் என்ன விட உசத்தின்னு நினைச்சு ரொம்ப நாள் தூங்கல. அன்னைக்கு அந்தப் பைகளப் பாத்தப்ப, அந்த நினைப்பு கொஞ்சம் கழண்டுச்சு. அன்னைக்கு அடிச்ச மருந்து அது. வேற மருந்து அடிச்சிருந்தா நின்னது வேற யாரோ.

ஐயா எழுந்து, வாசல்ல நிறுத்தியிருந்த காடிக்குப் போனாரு. கதவத் திறந்துட்டு நின்னாரு. அப்புறம் முதல் தடவையா அக்காவ நேராப் பாத்தாரு.

"மேரி, நாளையில இருந்து எங்கட வீட்டுக்குப் பால் வேணும்."

ஐயா வீட்டு வாசல்ல போத்தல் தொங்கினா, பாடாங் செராய்ல மத்த வீடெல்லாம் டப்பாப் பால விட்டுடும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மேரியக்கா மோட்டர்ல இருந்து காலிப் போத்தல எடுத்துத் துடைச்சாங்க.

"தண்ணி கலந்ததா ஐயா, கலக்காததா?"

ஐயா காடிக்குள்ள ஏறி, கதவச் சாத்தி, கண்ணாடிய இறக்கினாரு.

"நீங்க ஊத்துறத ஊத்துங்கோ," அப்படின்னாரு.